கறுப்பு வெள்ளைல சின்னப்புள்ளைகள்ற படம்: முகத்த மட்டும் வெட்டி எடுக்கிறதா, கையையும் விடுறதா?

கல்லடிப் பாலத்தடி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு படத்தால எங்கட வீட்டுல மூணு நாளா ஒரே கதையாக் கிடக்கு, அதான் இஞ்ச கொண்டு வாறன். படம் எடுக்கிற ஆக்கள் மனசுல பட்டதச் சொல்லுங்க.

போன கிழமை விடியக்காலை நல்ல மழை. அக்காட மகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு விறாந்தையில இருக்கா, ஏழு வயசு. பெத்தா (பாட்டி) பின்னால கதிரையில இருந்துக்கிட்டு தலை இழுத்து ரெட்டப் பின்னல் போடுறா. நான் நிலத்துல குந்தி இருந்து கெமராவ நிமித்திப் புடிச்சி எடுத்தன், 50 மிமீ லென்ஸ். புள்ள ஒரு ரிபன வாய்ல கவ்விக்கிட்டு தாவாரத்தால ஊத்துற தண்ணியப் பாத்துக்கிட்டு இரிக்கா. பெத்தாட முகம் பிரேமுக்குள்ள இல்ல, மேல இருந்து ரெண்டு கையும் முழங்கைக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் வருது, இடக்கையில தலமயிர முறுக்கிப் புடிச்சிருக்கா, அந்த இழுவையில புள்ளைட ஒரு பக்கத்துப் புருவம் கொஞ்சம் மேல ஏறி நிக்குது, கண்ணும் லேசாக் கலங்கி இருக்கு. ஒரு ஓரத்துல தண்ணி வாளி, சுவர்ல ஆணியில புத்தகப் பை.

கறுப்பு வெள்ளை ஆக்கிட்டு சதுரமா வெட்டினன். நெத்தில இருந்து நாடி வரைக்கும் முகம் மட்டும். பாக்கக்குள்ள ஆள அப்பிடியே புடிச்சி நிப்பாட்டுது, பொய் சொல்லல்ல. அதத்தான் முகநூல்ல போட்டன். மறுகா பாத்தா கீழ வந்த கருத்தெல்லாம் "பாவம் புள்ள", "ஏன் அழுகுது", "இந்தக் கண்ணுக்குள்ள எவ்வளவு வேதனை" எண்டு கிடக்கு. புள்ள அழயே இல்ல! பெத்தா இழுத்த இழுவைக்குக் கண் கலங்கினது, அடுத்த நிமிஷம் குடையத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா.

அக்காவுக்கு முகம் மட்டும் வெட்டினதுதான் விருப்பம், அதத்தான் 8×10 அங்குலத்துல அடிச்சி சுவர்ல மாட்டணுமாம். அம்மா சொல்றா பெத்தாட கை இல்லாட்டி அது என்ன படம் எண்டு. எனக்கு ரெண்டையும் மாறி மாறிப் பாத்து தலை சுத்துது. நீங்க எண்டா எங்க வெட்டுவீங்க?

முழு பிரேம்

எங்கயும் வெட்ட மாட்டன். எடுக்கக்குள்ளயே பிரேம முடிவு பண்ணணும், எடுத்த பிறகு வெட்டுறது எண்டா எடுக்கக்குள்ள நீங்க பாக்கல்ல எண்டுதான் அர்த்தம். பிரான்ஸ் நாட்டுப் பெரிய படக்காரர் கார்த்தியே பிரெஸோன் வெட்ட விட்டதே இல்ல, நெகட்டிவ்ட கறுப்பு விளிம்போட சேத்து பிரிண்ட் அடிச்சவர். நீங்க நிலத்துல குந்தி, மழை வெளிச்சத்துல, கையையும் முகத்தையும் வாளியையும் சேத்து ஒரு நொடியப் புடிச்சிருக்கீங்க, அத ஏன் பிறகு போய் கத்திரிக்கிறீங்க? முழுசா அடிச்சி மாட்டுங்க.

ஹைப்போ வாசம்

தம்பி முழு பிரேம், உங்கட பிடிவாதம் எனக்குப் புடிக்கும், ஆனா அந்த மனுசன்ட பேர் போன படத்துல ஒண்டு, 1932ல பாரிஸ் ஸ்டேசனுக்குப் பின்னால ஒராள் தண்ணிக்கு மேலால பாயுற படம், அது வெட்டின படம். வேலி இடுக்குக்குள்ளால எடுத்தது, ஒரு பக்கம் பலகை மறைச்சிட்டுது, வெட்டித்தான் குடுத்தார். அவரே வெட்டியிருக்கார் எண்டா மிச்ச ஆக்களுக்கு என்ன.

நான் டவுன்ல ஒரு ஸ்டூடியோவுல 1978ல இருந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் வேலை செஞ்ச ஆள், அதுல பாதி பிலிம் கழுவுற டாக் ரூமுக்குள்ள. எங்களுக்கு வெட்டுறது நல்லமா கூடாதா எண்டு ஒரு விவாதமே வரல்ல, ஏனெண்டா யாசிக்கா கெமராவுல 120 பிலிம் போட்டு எடுக்கிற, ஒரு ரோலுக்குப் பன்னெண்டு படம், நெகட்டிவ் சதுரம். பேப்பர் போஸ்ட்காட் சைஸ், அது நீளம். சதுரத்த நீளத்துக்குள்ள போடுறதெண்டா வெட்டித்தான் ஆகணும். அதால எடுக்கக்குள்ளயே நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எடுப்பம், எங்க வெட்டுறதெண்டு படத்தப் பெருப்பிக்கிற என்லாஜருக்குக் கீழ வச்சித்தான் முடிவெடுப்பம். இன்னொண்டு சொல்றன், அந்தக் கெமராவ வயித்தோட வச்சி மேல இருந்து குனிஞ்சி பாக்கிற. அப்ப லென்ஸ் நிக்கிற உயரம் ஆறேழு வயசுப் புள்ளைட முகத்துக்கு நேர. நாங்க நினைச்சிச் செய்யல்ல, கெமராட அமைப்பு அப்பிடி, ஆனா அந்தக் காலத்துப் புள்ளைகள்ற படத்துல புள்ள உங்கள நேர பாக்கும். இப்ப கைப்போன நிண்ட உயரத்துல புடிச்சி மேல இருந்து எடுக்கிறாங்க, தலை பெருத்து கால் சூம்பி, புள்ள நிமிந்து கெஞ்சிற மாதிரி வருது. நீங்க குந்தி இருந்து எடுத்தது சரியான வேலை மனே.

இப்ப உங்கட படத்துக்கு வாறன். வெட்டுறத திரையில பாத்து வெட்டாதீங்க. பழைய கலண்டர் மட்டையில எல் வடிவத்துல ரெண்டு துண்டு வெட்டுங்க, ஒவ்வொரு கையும் பத்து அங்குலம், அகலம் ரெண்டு அங்குலம், கறுப்பு அடிச்சா இன்னும் நல்லம். முழுப் படத்த ஒரு சின்ன பிரிண்ட் எடுத்து மேசையில வச்சி ரெண்டு மட்டையையும் எதிரும் புதிருமாப் போட்டு மெதுவா நகத்திப் பாருங்க. திரையில வெட்டினா போன பக்கம் மறைஞ்சிடும், மட்டையில வெட்டினா கைக்குக் கீழதான் கிடக்கும், என்னத்த விடுறீங்க எண்டு மனசு மறக்காது.

மற்றது கை வந்தா மூட்டுல வெட்டாதீங்க. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால், இந்த இடத்துல கோடு விழுந்தா உறுப்பு இல்லாத மாதிரித் தெரியும். பெத்தாட கைய விடுறதெண்டா முழங்கைக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் விடுங்க.

கல்முனை ஸ்டூடியோக்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கடை வச்சி நடத்துற ஆள், அதால என்ட பக்கத்தையும் ஒருக்காக் கேளுங்க. வாற தாய் தகப்பன்மார்ல பத்துக்கு ஒம்பது பேர் முகம் கிட்டத்துல வேணும் எண்டுதான் கேக்கிறாங்க. என்ட மூத்தம்மாவே எங்கட சின்னவன்ட படத்தக் காட்டினா "முகம் எங்கடா மனே, சுவரத்தான் எடுத்திரிக்காய்" எண்டு கேப்பா. வயசான கண்ணுக்கு தூரத்துல மாட்டின 8×10ல ஒரு அங்குல முகம் தெரியாது. அக்கா முகம் கேக்கிறதுல ஒரு பிழையும் இல்ல.

இன்னொண்டு, முகம் மட்டும் எண்டா வெளிச்சம் எல்லாத்தையும் தீர்மானிக்கும். எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் ஏப்ரல் 10ஆம் திகதி வாக்குல உச்சி வெயில் சரியாத் தலைக்கு மேல நிக்கும், அந்த நேரம் வெளியால வச்சி எடுத்தா கண்குழி ரெண்டும் கறுத்துப் போகும், கலர்ல அது ஓரளவு தப்பும், கறுப்பு வெள்ளையில தப்பவே தப்பாது. நீங்க மாரி மழைக்குள்ள விறாந்தையில எடுத்ததால முகத்துல நிழல் பூப்போல விழுந்திரிக்கும், அப்பிடிப்பட்ட முகத்த சின்னதாக்கி மூலையில விடுறது எனக்கெண்டா மனசு கேக்காது.

கெமராக்காரர் ஒண்டு மட்டும் கவனியுங்க: போன்ல முகத்துக்குக் கிட்டப் போய் எடுக்கிறதும், தள்ளி நிண்டு எடுத்து பிறகு வெட்டுறதும் ஒண்டில்ல. கிட்டப் போனா மூக்கு பெருக்கும் காது பின்னால போகும், அதுக்குக் காரணம் லென்ஸ் இல்ல, தூரம். ரெண்டு மீட்டர் தள்ளி நிண்டு எடுத்து வெட்டுங்க, முகம் முகமா வரும். வெட்டுறது இதுக்கு நல்ல உதவி.

திருக்கோவில் டீச்சர்

ஸ்டூடியோக்காரத் தம்பி சொல்றதுக்கு ஒரு பெரிய சாட்சி எங்கட நாட்டு மண்ணுலயே கிடக்கு. ஜூலியா மாகரெட் கெமரன் எண்டு ஒரு அம்மா, கல்கத்தாவுல பிறந்தவ, 48 வயசுல மகள் குடுத்த கெமராவால படம் எடுக்கத் தொடங்கினவ. 1864 ஜனவரியில இங்கிலாந்துல ஒரு சின்னப் புள்ளைய எடுத்தா, ஆனி எண்டு பேர், பொத்தான் போட்ட மேலங்கி, கொஞ்சம் திரும்பின முகம், அதுக்குக் கீழ "என்ட முதல் வெற்றி" எண்டு எழுதி வச்சா. முகம்தான் படம், சுத்தி ஒண்டும் இல்ல. அந்தக் காலத்துல புள்ளைகள படம் எடுக்கிறதெண்டா தூண், திரைச்சீலை, பொம்மை எல்லாம் வச்சி முழு உருவமா நிப்பாட்டுவாங்க, அவ அதெல்லாத்தையும் தள்ளிட்டு முகத்துக்குக் கிட்டப் போனா. 1875ல புருசனோட இலங்கைக்கு வந்து, தோட்டத்துத் தமிழ் ஆக்களையும் எடுத்து, 1879ல இஞ்சயே செத்தா, பொகவந்தலாவ தேவாலயத்துலதான் அடக்கம். அதால முகம் மட்டும் எண்டது மலிவான வேலை எண்டு ஒருத்தரும் நினைக்க வேணாம்.

ஆனா தம்பி கல்லடி, உங்கட படம் அந்த மாதிரிப் படம் இல்ல. கெமரன் அம்மாட காலத்துல கண்ணாடித் தட்டுக்கு நிமிஷக் கணக்கா அசையாம இருக்கணும், அந்தப் புள்ளைட முகத்துல இருக்கிறது அவ்வளவு நேரம் இருந்த அமைதி. உங்கட மருமகள்ட முகத்துல இருக்கிறது பெத்தா அந்த நொடி இழுத்த இழுவை. அந்தப் புருவம் மேல ஏறினதுக்குக் காரணம் பிரேமுக்கு வெளிய போயிட்டுதெண்டா, பாக்கிற ஆள் தானே ஒரு காரணம் தேடுவான், தேடினா அவன்ட கைக்கு முதல் அகப்படுறது சோகம்தான். உங்களுக்கு வந்த "பாவம்" எல்லாம் அப்பிடி வந்ததுதான்.

என்ட வகுப்புல நான் காட்டுறது லூயிஸ் ஹைன்ட படம். அமெரிக்காவுல 1908ல இருந்து குழந்தைத் தொழிலாளருக்கான குழு ஒண்டுக்காக ஆலை ஆலையாப் போய் எடுத்தவர். தென் கரோலினாவுல ஒரு பஞ்சாலை, ஒரு சின்னப் பெட்ட, அவவுக்குப் பக்கத்துல நூல் மெசின் வரிசை கண்ணுக்கெட்டின தூரம் போகுது. புள்ள பிரேமுல சின்னது. அதுதான் கதையே. புள்ளைட உயரத்த தன்ட சட்டைப் பொத்தான வச்சி அளந்து குறிச்சிக்குவாராம் அவர். அந்தப் படத்துல மெசின வெட்டிட்டு முகத்த மட்டும் வச்சா அது ஆர்ட புள்ளையோ ஒரு அழகான புள்ள, அவ்வளவுதான். சட்டம் கொண்டு வாற ஆக்களுக்கு அந்தப் படத்தால ஒண்டும் வெளங்கியிராது.

இன்னொரு விசயம் ஸ்டூடியோக்காரர் எல்லாரும் கவனிக்கணும். பிறந்த புள்ளைக்கு தலை உடம்புல நாலுல ஒரு பங்கு, வளந்த ஆளுக்கு ஏழரைல ஒரு பங்கு. பெரியாக்களுக்கு ரெண்டு தலை உயரம் வச்சா நெஞ்சோட நிக்கும், அதே அளவு கைக்குழந்தைக்கு வச்சா தொப்புள் வரைக்கும் போயிடும். பெரியாக்கள்ற அளவுல புள்ளைய வெட்டினா எப்பவும் ஒரு மாதிரித்தான் வரும், புள்ளைக்கு அளவ புள்ளையில இருந்து எடுங்க.

கல்லடிப் பாலத்தடி

டீச்சர், அந்தப் புருவக் கதை எனக்கு சுருக்கெண்டு பட்டுட்டு. நான் ரெண்டு நாளா அந்தப் புருவத்தப் பாத்து "என்ன ஒரு பார்வை" எண்டு நினைச்சிக்கிட்டு இருந்தன், எடுத்த எனக்கே காரணம் மறந்து போச்சு. ஐயா, மட்டை வெட்டிட்டன், பின்னேரம் வச்சிப் பாக்கிறன்.

முகத்துவாரம்

நான் படம் எடுக்கிற ஆள் இல்ல, வாசிச்சிக்கிட்டு மட்டும் இருந்தன், எழுதாம போக ஏலல்ல.

எங்கட வீடு நாவலடியில இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில வீடும் போச்சு, தம்பியும் போயிட்டான், ஆறு வயசு. வீட்டுல இருந்த படம் ஒண்டும் மிஞ்சல்ல. கல்முனையில இருந்த ஒரு சொந்தக்கார வீட்டுல கலியாணத்துக்கு எடுத்த குறூப் படம் ஒண்டு இருந்தது, அதுல தம்பி முன்வரிசையில நிண்டான். அதக் கொண்டு போய் ஸ்டூடியோ ஒண்டுல குடுத்து அவன மட்டும் வெட்டிப் பெருப்பிச்சி எடுத்தம். அதுதான் இப்பவும் சாமித்தட்டுல இருக்கு, கறுப்பு வெள்ளையாத்தான் தந்தாங்க, கலர் வெளிறிப் போனதால.

அந்தப் படத்துல தம்பிட இடது தோள்ல நாலு விரல் தெரியும். ஆரோ பின்னால நிண்டு தோள்ல கை வச்சிருக்காங்க. மணிக்கட்டோட வெட்டுப்பட்டிட்டு. அம்மா சொல்றா அது பெரியம்மாட கை எண்டு. பெரியம்மா சொல்றா இல்ல, உன்ட கைதான், நீதான் அவனப் புடிச்சிக்கிட்டு நிண்டாய் எண்டு. அம்மாவுக்கு ஞாபகம் இல்ல. குறூப் படத்தத் திருப்பிக் குடுத்தம், அது பிறகு அந்த வீட்டுலயும் இல்லாமப் போச்சு. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பவும் திவசத்துக்கு ரெண்டு பேரும் ஒண்டா இருந்தா அந்தக் கதை ஒருக்கா வரும். ஸ்டூடியோக்காரர நான் குறை சொல்லல்ல, நாங்க கேட்டதத்தான் அவர் செஞ்சார், மாலை போடுறதுக்கு முகம்தான் வேணும் எண்டு சொன்னது நாங்கதான். இன்னும் நாலு அங்குலம் விட்டிருந்தா காப்பு தெரிஞ்சிருக்கும். அம்மாட காப்பு எங்களுக்குத் தெரியும்.

பெத்தாட கைய வெட்டாதீங்க தம்பி.

ஹைப்போ வாசம்

மகள், நீங்க எழுதினத வாசிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் எழும்பிப் போயிட்டன்.

அந்த மாசி, பங்குனி மாதத்துல எங்கட கடைக்கு அப்பிடி எத்தினை படம் வந்திச்செண்டு சொல்லி முடியாது. ஈரம் ஊறி ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடந்த படங்கள், உப்புத் தண்ணி பட்டு மேல் பூச்சு கழண்டது, மண் ஒட்டினது. ஒட்டிக் கிடந்தத இழுத்தா கிழிஞ்சிடும், குளிர் தண்ணிக்குள்ள ஊறப் போட்டு மெதுமெதுவாத்தான் பிரிக்கணும், ஒரு முகத்தக் காப்பாத்த ஒரு நாள் போகும். எல்லாரும் கேட்டது ஒண்டுதான், "இந்தப் புள்ளைய மட்டும் எடுத்துத் தாங்க". நாங்களும் அப்பிடித்தான் வெட்டிக் குடுத்தம். தோள்ல கை இருந்தா, சில வேளை நானே அந்தக் கைய அழிச்சிக் குடுத்திருக்கன், தனிப் படத்துல ஆர்ட கையோ கிடந்தா வடிவில்ல எண்டு நினைச்சி. அப்ப அது ஒரு உதவி எண்டுதான் நினைச்சன்.

இப்ப ஸ்கேன் பண்ணுற எல்லாருக்கும் நான் சொல்றது இதத்தான்: எத வேணுமெண்டாலும் வெட்டுங்க, ஆனா முழுப் படத்த முதல்ல அப்பிடியே ஒரு பிரதி எடுத்து வைங்க, நாலு மூலையும் தெரிய, பின்பக்கத்தையும் சேத்து. பின்னால பென்சில்ல பேர் எழுதியிருக்கும் சில படத்துல.

வெல்லாவெளிப் பக்கம்

கோவமா ஒண்டு எழுதப் போறன், மன்னிச்சிக்குங்க.

சில வருஷத்துக்கு முதல் எங்கட ஊருக்கு ஒரு கூட்டம் வந்து புள்ளைகளுக்கு பேக், கொப்பி எல்லாம் குடுத்தாங்க. நல்ல விசயம், நன்றியோட வாங்கினம். என்ட மகள் வரிசையில நிண்டா, வெயில் கண்ணுல அடிக்குது, கண்ண இடுக்கிக்கிட்டு நிக்கிறா, பக்கத்துல அவட சிநேகிதிமார் சிரிச்சிக்கிட்டு நிக்காங்க. எடுத்தவர் நிண்ட உயரத்துல இருந்து எடுத்தார். ஒரு மாசத்தால தெரிஞ்ச ஒராள் அவங்கட நோட்டீஸ் ஒண்ட அனுப்பினார், அதுல என்ட புள்ளைட முகம் மட்டும், கறுப்பு வெள்ளையில, சிநேகிதிமார் இல்ல, வெயில் இல்ல, புது பேக் இல்ல, நெத்தி சுருங்கி மேல பாக்கிற ரெண்டு கண், கீழ காசு கேட்டு வசனம். என்ட புள்ள பசியில நிக்கிற மாதிரி. அவவுக்கு அப்ப ஒம்பது வயசு, வாசிக்கத் தெரியும், "அப்பா நான் எப்ப இப்பிடி இருந்தன்" எண்டு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல.

நிறத்த எடுத்தா புது பேக்ட சிவப்பு போயிடும், சுத்தி இருக்கிறத வெட்டினா சிரிப்பு போயிடும். ரெண்டையும் ஒண்டாச் செஞ்சா எந்தப் புள்ளையையும் அனாதையாக்கலாம். புள்ளைகள்ற உரிமைச் சாசனத்துல இலங்கை 1991லயே சேந்திட்டுது, புள்ளைட தனிமையையும் மானத்தையும் காப்பாத்தணும் எண்டு அதுலயே இருக்கு. புள்ளைய எடுக்கிற ஒவ்வொராளும் வெட்டின படத்த வெளிய போட முதல் அந்தப் புள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் காட்டுங்க. எடுக்கக்குள்ள ஓம் எண்டது வெட்டினதுக்கு ஓம் எண்டதாகாது.

முழு பிரேம்

அண்ணன், இது நடந்திருக்கக் கூடாது. ஆனா இதுக்குத்தான் நான் வெட்டாதீங்க எண்டு சொல்றது.

வெல்லாவெளிப் பக்கம்

தம்பி, அவர் வெட்டாமலே ஒரு எட்டு முன்னுக்கு வச்சி எடுத்திருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும். கெமராவ எங்க வைக்கிறம் எண்டதும் வெட்டுறதுதானே.

முழு பிரேம்

ஓம். அத நான் யோசிக்கல்ல. ராவைக்கு யோசிக்கிறன்.

சாம்பல் நிறம்

அக்கரைப்பற்றுல இருந்து. கலியாண வீட்டுக்கு எடுக்கிற ஒரு ஆள் நான், புள்ளைகள்ற படம் என்ட சொந்த விருப்பத்துக்கு. எல்லாரும் வெட்டுறதப் பத்தியே கதைக்கீங்க, கறுப்பு வெள்ளையில வெட்டுக் கோடு எங்க விழணும் எண்டத நிறம் மாத்துற விதமே தீர்மானிக்கும், அதையும் ஒருக்காப் பாருங்க.

கலர்ல எங்கட புள்ளைகள்ற தோல் ஒரேஞ்சும் சிவப்பும் சேந்த நிறம். சொப்ட்வேர்ல சிவப்பு, ஒரேஞ் ஸ்லைடர ஏத்தினா தோல் வெளுக்கும், எறக்கினா கறுக்கும். கனபேர் கண்ண மூடிக்கிட்டு ஏத்துறாங்க, புள்ள வெள்ளையாத் தெரிய வேணுமாம். ஏத்தினா என்ன நடக்கும், முகத்துல இருக்கிற சின்னச் சின்ன நிழல் எல்லாம் செத்துப் போகும், கன்னத்துக்கும் சுவருக்கும் வித்தியாசம் இல்லாமப் போகும், அதால முகம் சுவருக்குள்ள கரையுது எண்டு போட்டு இன்னும் கிட்ட வெட்டுவாங்க. பிழை நிறத்துல, தண்டனை பிரேமுக்கு. கறுத்தப் புள்ளைய கறுத்தப் புள்ளையாவே விட்டுப் பாருங்க, நெத்தியிலயும் மூக்குத் தண்டிலயும் வெளிச்சம் விழுந்து மினுங்கும், அந்த மினுக்கத்துக்கே பிரேம் முழுக்கத் தாங்கும்.

பெத்தாட கையும் புள்ளைட முகமும் ஒரே சாம்பலா வந்தா படம் குழம்பும். பெத்தாட தோல் சுருக்கத்துக்குள்ள நிழல் கிடக்கும், கொண்ட்ராஸ்ட, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்த, கொஞ்சம் கூட்டினா அது தானா வேறாகும். ஓரத்து வாளி என்ன நிறம்?

கல்லடிப் பாலத்தடி

நல்ல சிவப்பு.

சாம்பல் நிறம்

அப்ப சிவப்ப எறக்குங்க, வாளி கறுத்து மூலைக்குள்ள அடங்கிடும், வெட்டத் தேவையில்ல. ரிபனும் சிவப்பெண்டா பாத்து எறக்குங்க.

கல்லடிப் பாலத்தடி

ரிபன் வெள்ளை, பள்ளிக்கூட ரிபன். ராத்தா நீங்க சொன்னது மருந்து மாதிரி வேலை செஞ்சிட்டு, வாளி இருக்கிறதே தெரியல்ல.

திருக்கோவில் டீச்சர்

இன்னொண்டு சேத்து விடுறன். முகம் தெரியாட்டி புள்ளைட படம் இல்ல எண்டு நினைக்கிற ஆக்கள் 1936ல கலிபோர்னியாவுல டொரத்தியா லாங் எடுத்த தாய் படத்தப் பாருங்க. தாய்ட ரெண்டு தோள்லயும் ரெண்டு புள்ளைகள், ரெண்டும் முகத்த மற்றப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்குதுகள், முதுகும் பிடரியும்தான் தெரியும். அந்த முதுகு ரெண்டும் இல்லாட்டி தாய்ட முகத்துல இருக்கிற பாரம் எங்க இருந்து வந்ததெண்டு தெரியாது. பெத்தாட முகம் இல்லாம கை மட்டும் வந்திரிக்கிறத குறை எண்டு நினைக்காதீங்க தம்பி.

கல்முனை ஸ்டூடியோக்காரன்

நான் சொன்னதுல கொஞ்சம் திருத்திக்கிறன். முகத்துவாரம் தங்கச்சி எழுதினத உம்மாக்கும் வாசிச்சிக் காட்டினன். இனி வெட்டிக் குடுக்கிற ஒவ்வொரு படத்தோடயும் வெட்டாத ஒரு சின்ன 4×6 சேத்துக் குடுக்கிறதெண்டு முடிவெடுத்திரிக்கன், காசு வேணாம்.

கல்லடிக்காரர், 8×10 எண்டு சொன்னீங்க. உங்கட கெமராட பிரேம் ரெண்டுக்கு மூணு, அது 8×12க்குத்தான் சரியாப் பொருந்தும். 8×10ல அடிச்சா நீளத்துல ரெண்டு அங்குலம் போயிடும், அதாவது படத்துல ஆறுல ஒரு பங்கு. நிமித்தி எடுத்த படமெண்டா அந்த ரெண்டு அங்குலம் மேலயோ கீழயோதான் போகும், உங்களுக்கு மேல பெத்தாட முழங்கை. லாப்ல மெசின் தானா நடுவ வச்சி வெட்டும், அது பெத்தா எண்டு மெசினுக்குத் தெரியாது. 8×12 கேளுங்க.

கல்லடிப் பாலத்தடி

எல்லாருக்கும் நடந்ததச் சொல்றன், கொஞ்சம் நீளம்.

மட்டை ரெண்டையும் வச்சி அக்கா, அம்மா, நான் மூணு பேரும் மேசையச் சுத்தி இருந்து பாத்தம். அக்கா முதல் முகத்துக்குக் கிட்ட வச்சா, நான் மேல் மட்டைய மெதுவா மேல இழுத்தன், பெத்தாட விரல் வந்திச்சு, பிறகு மணிக்கட்டு, அந்த இடத்துல அக்காவே "மணிக்கட்டுல நிப்பாட்டாத" எண்டு என்ட கையப் புடிச்சா, முகத்துவாரம் அக்கா எழுதினத நான் அவவுக்கு வாசிக்கக் குடுத்திருந்தன். முழங்கைக்கு ஒரு விரல்கடை மேல வரைக்கும் போய் நிண்டம். வாளிப் பக்கம் கொஞ்சம் வெட்டினம், புத்தகப் பை பாதி நிக்குது, புள்ள பாக்கிற மழைப் பக்கம் நல்லா இடம் விட்டிரிக்கு. முழு பிரேம் தம்பி, நான் வெட்டிட்டன், ஆனா உங்களுக்கு எந்தப் பக்கம் எண்டு கண்டுபுடிக்கக் கஷ்டமா இருக்கும்.

மருமகளுக்கும் காட்டினன், வெல்லாவெளி அண்ணன் சொன்னபடி. முகம் மட்டும் வெட்டினதப் பாத்திட்டு "இது நான் அழுற மாதிரி இரிக்கி, எடுங்க மாமா" எண்டுட்டா. முகநூல்ல இருந்து எடுத்திட்டன்.

லாப் ஒண்டுல 8×12 எண்டு சொல்லித்தான் குடுத்தன், மெசின் ஓரத்த நிரப்ப ரெண்டு மிமீ வெட்டிட்டு, முழங்கை விளிம்போட ஒட்டி நிக்குது. திருப்பிக் கொண்டு போய், நாலு பக்கமும் கால் அங்குலம் வெள்ளை விளிம்பு விட்டு நானே படக் கோப்ப செஞ்சி குடுத்து இன்னொருக்கா காசு கட்டி அடிச்சன். இப்ப சரி. பெத்தாட்ட காட்டினன். அவ தன்ட கையத்தான் கனநேரம் பாத்தா, "இது ஆர்ர கை, எங்கட அம்மாட கை மாதிரி கிடக்கு" எண்டா.

பிரேம் கடையில 8×12 ரெடியா இல்லையாம், செஞ்சி தர மூணு நாள் எண்டு சொன்னாங்க. ஐயா, கண்ணாடி போடவா, போடாம விடவா?

ஹைப்போ வாசம்

போடுங்க, ஆனா படம் கண்ணாடியில முட்டக் கூடாது. எங்கட ஊர் மாரிக்கு ஈரம் புடிச்சி ஒட்டிச்செண்டா பிறகு தோலோடதான் கழரும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு மட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்க, பின்னுக்குக் கடதாசி ஒட்டி அடைக்கச் சொல்லுங்க, பூச்சி போகாது. சுவர்ல மாட்டக்குள்ள கீழ் ரெண்டு மூலையிலயும் சின்ன றப்பர் துண்டு ஒண்டு ஒட்டுங்க, சுவருக்கும் பிரேமுக்கும் நடுவுல காத்து ஓடட்டும். களப்புப் பக்கத்துச் சுவர்ல மாட்டாதீங்க, பின்னேர வெயில் நேர அடிக்கும். பின்னால மறக்காம பென்சில்ல எழுதுங்க, ஆர் இருக்கிற, ஆர்ட கை, எந்த வருஷம்.

முகத்துவாரம்

ஐயா சொன்னபடி எங்கட படத்துக்குப் பின்னாலயும் எழுதப் போறன். ரெண்டு பேர்ட பேரையும் எழுதுறன்.